கோழி அறுக்க ஆள் தேடிய காலை

மஹ்மூதாவின் வீட்டில் அன்று கோழி இருந்தது. அரிசியும் தேங்காயும் இருந்தன. கொல்லையில் கறிக்கு வாசம் தரும் ரம்பை இலை தழைத்து நின்றது. கோழியை அறுக்க ஓர் ஆண்பிள்ளைதான் இல்லை.

1935 ஜனவரி, மாதக் கடைசி. இலங்கையின் ருவான்வெல்லைக் கடைவீதியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. முந்தின வருஷம் மழை பொய்த்து, ஓடவேண்டிய ஆறு குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. அந்தக் குட்டைகளில் பிறந்த நுளம்பு, மலேரியாக் காய்ச்சலைப் பரப்பி ஊரையே பாயில் கிடத்திவிட்டது. றப்பர் தோட்டங்களில் பால் வெட்ட ஆளில்லை. பள்ளிவாசல் மையவாடியில் குழி வெட்டவும் ஆள் போதவில்லை.

மஹ்மூதாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பலாங்கொடையில் பிறந்து, பதினைந்தாவது வயதில் மீராசாஹிபுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். அவர் தலையில் துணிமூட்டையோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிச் சேலை விற்றவர். பிறந்த நான்கு பிள்ளைகளில் மூன்று தொட்டிலிலேயே போய்விட்டன. மிஞ்சியவள் றமீலா ஒருத்தி, வயது பதினாறு. மீராசாஹிப் மௌத்தாகி நான்கு வருஷமாகிறது. அதன் பிறகு மஹ்மூதா இடியப்பம் அவித்துப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். அந்தக் கடை அழகமுத்துவுடையது. அவனும் அவன் மனைவி இராஜமும் தோட்டத்து லயத்தில் பிறந்து, கடைவீதிக்கு இறங்கி வந்தவர்கள்.

பெருநாளன்று மஹ்மூதா ஆக்கும் தேங்காய்ப்பால் சோற்றுக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. இரண்டாம் பாலில் அரிசியை வேகவைத்து, தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் தலைப்பாலை ஊற்றுவாள். தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்து, மிளகும் மல்லியும் சேர்த்து அம்மியில் வெண்ணெய்போல அரைத்துக் கோழி ஆணம் வைப்பாள். றமீலாவுக்குத் தட்டு ஆகாது. ஒரு பெரிய பீங்கான் கிண்ணத்தில் அடியில் சோறு, மேலே கோழித் துண்டுகள், சுற்றிலும் ஆணம். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் தின்பாள். அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்குத் தெருவில் எந்த வீட்டிலும் அந்த வாசம் எழவில்லை.

றமீலா படுத்து ஒன்பது நாளாகிவிட்டது. காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. வரும் நாளில், நண்பகல் ளுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குளிர் தூக்கிப் போடும். அதுவரை தலை தெளிவாக இருக்கும். டாக்டர் கொடுத்த கொயினா மருந்தைக் குடித்துக் குடித்து நாக்கு கசந்துபோய், இரண்டு நாளாகக் கஞ்சியையும் தள்ளிவிட்டாள். அன்று காய்ச்சல் வருகிற நாள். காலையில் மஹ்மூதா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது பாயிலிருந்து குரல் வந்தது.

"உம்மா, பசிக்கிது."

உரலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். "என்னடி சென்ன?"

"பசிக்கிது எண்டேன். தேங்காப்பால் சோறு ஆக்குங்கோ. கோழியும் வேணும்."

"இண்டைக்கி என்ன பெருநாளா?"

"பெருநாளைக்கிக் கஞ்சிதானே ஊத்தின நீங்க?"

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கி ஆக்கித் தாறன் மகள்."

"அது வார மட்டும் நான் கஞ்சிக்குள்ளயே நீந்தவா?"

மஹ்மூதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒன்பது நாளில் பிள்ளை வாயைத் திறந்து ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை. இப்போது மணி ஏழரை. ளுஹருக்கு முன்னால் அவள் வயிற்றில் சோறு விழுந்துவிட வேண்டும். குளிர் வந்துவிட்டால் பிறகு தண்ணீர்கூட இறங்காது. அறுக்க, உரிக்க, அரைக்க, ஆக்க எல்லாமாக இரண்டரை மணி நேரம். தாராளமாகக் காணும் என்று நினைத்தாள்.

கோழியைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுத் தையற்காரர் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஸஹாப்தீன் லெப்பையும் இல்லை. இறந்துபோன ஒருவரின் மையித்தைக் குளிப்பாட்ட விடியலிலேயே ஆற்றுக்கு அப்பால் போனவர், எப்போது வருவார் என்று சொல்ல ஆளில்லை. அந்த வரிசையில் இன்னும் நான்கு கதவுகளைத் தட்டினாள். நான்கு வீடுகளிலும் பெண்கள்தான் எழுந்து வந்தார்கள்.

திரும்பி வரும்போது அழகமுத்து கடை வாசலில் நின்றான்.

"என்னங்கக்கா, கோழிய ஊர்வலம் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இந்தப் பாடு? நானும் ஆம்பளதானுங்களே. கத்தியக் குடுங்க, ஒரு நிமிசம்."

"நீ ஆம்புளதான் தம்பி. பிஸ்மி செல்லியில்ல அறுக்கணும்?"

"சொல்லிக் குடுங்க. சொல்லிட்டே அறுக்கிறேன்."

உள்ளேயிருந்து இராஜம் கத்தினாள். "நீங்க சும்மா இருங்க! அவங்க வழக்கத்துல வேற ஆளு அறுத்தா திங்கமாட்டாங்கன்னு இத்தன வருசமாத் தெரியாதா? அக்கா, நீங்க போயி ஆளப் பாருங்க. நான் புள்ளகிட்ட உக்காந்து தேங்காயத் துருவி வைக்கிறேன்."

கேகாலை ரோட்டில் இரண்டாம் மைல் கட்டைக்கு அருகே, தோட்டத்துக்கு ஏறும் சந்தியில், புவாட் என்றொருவன் சில்லறைக் கடை வைத்திருந்தான். மீராசாஹிபின் தூரத்து உறவு. காய்ச்சலில் கிடந்து எழும்பியவன் என்று கேள்வி. மஹ்மூதா நடந்தாள். வழியில் பஸ் ஒன்றும் ஓடவில்லை.

கடை திறந்திருந்தது, புவாட் இல்லை. மேல் லயத்துக்கு அரிசி கொடுக்கப் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாள் ஒருத்தி. மஹ்மூதா வாங்கில் உட்கார்ந்தாள். மடியில் கோழி வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்துப் பலகையில் கருவாடு வெட்டும் கத்தி கிடந்தது. அவள் வாய் தன்பாட்டில், அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் பிஸ்மியை முணுமுணுத்தபடி இருந்தது. அடுப்பு மூட்டும்போதும் அரிசி அளக்கும்போதும் சொல்லிச் சொல்லி ஊறிய வாய் அது. கத்தியை எடுக்கலாம் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் தெருவிலும், பிறந்த பலாங்கொடையிலும், பெண்கள் கோழியின் சிறகைப் பிடிப்பார்கள், காலைப் பிடிப்பார்கள். கழுத்து ஆணின் வேலை. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியதாகவும் இருக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. புவாட் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தான்.

"ராத்தா! என்ன இந்தப் பக்கம்? முகமெல்லாம் வாடி…"

"பேச நேரமில்ல தம்பி. இத அறுத்துத் தாங்க. புள்ள திங்கக் கேட்டீக்கி."

காய்ச்சல் தின்ற கையில் பலமில்லை. கத்தி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை, இடக்கையால் வலக்கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறுத்தான். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அவன் சொல்லும்போது அவள் கோழியைக் கமுகம் பாளையில் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கியிருந்தாள்.

வீடு வந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. இராஜம் சோற்றை இறக்கி வைத்திருந்தாள்.

"வெறுஞ் சோறாவது கொஞ்சம் ஊட்டட்டுமான்னு கேட்டேங்கக்கா. கோழியோடதான் திம்பேன், உம்மா வரட்டும்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டா."

மஹ்மூதா கோழியை உரித்தாள், வெட்டினாள். இராஜம் அம்மியில் அரைத்துக் கொடுத்தாள். சட்டி கொதித்து வாசம் எழும்பியதும் பாயில் கிடந்தவள் தலையைத் திருப்பினாள்.

"வாசம் வருது உம்மா."

"இந்தா மகள், வெந்துடும். இன்னம் கொஞ்சம்."

"ரம்பை போட்டீங்களா?"

"போட்டேன்டி, போட்டேன்."

அன்று குளிர் பாங்குக்குக் காத்திருக்கவில்லை. மஹ்மூதா ஆணத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பாய் சரசரத்தது. கிண்ணத்தோடு ஓடினாள். றமீலாவின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. ஒரு கவளத்தைப் பிசைந்து உதட்டருகே கொண்டுபோனாள். பிள்ளை வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை விடவில்லை. அந்தக் கவளம் மஹ்மூதாவின் விரல்களிலேயே ஆறிப்போயிற்று. குளிர் அடங்கியபோது வலிப்பு வந்தது. வலிப்பு நின்றபின் றமீலா கண் திறக்கவில்லை. பிற்பகல் அசர் பாங்குக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் மையித்தை நெடுநேரம் வைத்திருப்பதில்லை. லெப்பை வந்தார். எழுந்து நடக்கக்கூடிய ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட்டு, காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிற்றோடு வீட்டுக்கு வந்தார்கள். மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். ஆனால் மூட்டிய அடுப்பில் ஆக்கிய சோறு ஒரு சட்டி நிறைய இருந்தது. இராஜம் மஹ்மூதாவைப் பார்த்தாள். மஹ்மூதா தலையை அசைத்தாள். இராஜம்தான் எல்லாருக்கும் எடுத்து வைத்தாள். குழி வெட்டிய கைகளால் அவர்கள் அவசர அவசரமாகத் தின்றார்கள். திரைக்குப் பின்னால் மஹ்மூதாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

லெப்பை கையை வைக்குமுன் கேட்டார். "கோழி ஆரு அறுத்த?"

"அத ஏங்க கேக்குறீங்க. ஆம்பள ஆளு கெடைக்காம அக்கா ரெண்டு கட்ட தூரம் நடந்து புவாட்டுகிட்ட அறுத்துக்கிட்டு வந்தாங்க. அதுலதான் நேரம் போயிருச்சு" என்றாள் இராஜம்.

"ஏன் புள்ள அவ்வளவு தூரம் போன?" லெப்பை திரையைப் பார்த்து, சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒங்கட கையாலயே பிஸ்மி செல்லி அறுத்தீக்கலாமே."

திரைக்குப் பின்னாலிருந்து மஹ்மூதாவின் குரல் வந்தது.

"பொம்புள அறுக்க ஏலாதே லெப்பை."

"ஏலும் புள்ள. மார்க்கத்துல தடையில்ல. நம்மட ஊர்ல பழக்கம் இல்ல, அவ்வளவுதான்…"

சொல்லி முடிக்குமுன்னே, தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

மூன்றாம் நாள் இராஜம் அவளருகே உட்கார்ந்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அந்தச் சோறு புள்ளயக் காப்பாத்தியிருக்காதுங்கக்கா. டாக்டராலயே முடியல."

"காப்பாத்தியீக்காது, எனக்குத் தெரியும். திண்டீப்பா இராஜம். எட்டு மணிக்கி நான் அறுத்தீந்தா பத்தரைக்கி வயிறு நெறயத் திண்டீப்பா. பசியோடதானே போனா."



காய்ச்சல் அந்தத் தெருவைவிட்டுப் போக இன்னும் நான்கு மாதம் பிடித்தது. எதிர்வீட்டுத் தையற்காரரின் மனைவி ஒருநாள் கோழியோடு வாசலில் நின்று, ஆண்பிள்ளை யாராவது போகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஹ்மூதா குறுக்கே நடந்துபோய்க் கோழியை வாங்கி, பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுத்தாள். கத்தி ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கடைவீதியில் சிலர் முணுமுணுத்தார்கள். "கோழி லெப்பை வாறா, வழி விடுங்கோ" என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஸஹாப்தீன் லெப்பை பள்ளிவாசல் படியில் நின்று, அதில் ஒரு குற்றமும் இல்லை என்று சத்தமாகச் சொன்னார். அதன் பிறகு வாய்கள் அடங்கின. கோழிகள் வரத் தொடங்கின.

ஒரு வீட்டில் கோழி அறுக்கக் கூப்பிட்டால், மஹ்மூதா முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஆருக்கு?" விருந்தாளிக்கு என்றால் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசி, பிறகு அறுப்பாள். படுத்திருப்பவருக்கு என்றால் உட்காரமாட்டாள்.