பகிடிவதை இல்லாத பல்கலைக்கழகம்

போரில் இடம்பெயர்ந்து, பின் மீள்குடியேறி ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பிய எங்கள் மீனவக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். விடுதியில் புதியவர்களுக்கு நடந்த பகிடிவதையில் முழந்தாளில் நிற்க மறுத்ததற்காக ஒரு சீனியர் அக்கா கதிரையால் அடித்து என் முன்பல்லை உடைத்தாள். பத்திரிகையிலும் செய்தி வந்தது.

ஆனால் யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில், பகிடிவதையே இல்லாத இடம் என்று எங்கள் பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்திருந்தார்கள். ‘இங்கே மிருகங்கள் படிக்கின்றன’ என்று நான் சேர்த்தேன். பல்கலைக்கழக ஊடகப் பிரிவின் பெயரிலிருந்த கணக்கு அதை உடனே அழித்தது.

அன்று மாலை அதே அக்கா என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். “எழுதினது நீதானேடி, மீன்காரி? எங்கட கம்பஸின்ர பேரைக் கெடுக்கவோ வந்தனி?”

ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா என் நெற்றித் தையலைப் பார்த்தார்.

“படிச்சது காணும் பிள்ளை, வீட்ட வா.”

“வரமாட்டன் அப்பா.”

கட்டிலில் கிடந்து இரண்டு வரிகளையும் யோசித்தேன். அவர்களுடையது பொய், என்னுடையது ஆத்திரம். திருத்தங்களைப் பற்றி விவாதிக்கும், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: ‘அடிபட்டவள் நான். அழித்தது பல்கலைக்கழகம். நாங்கள் இரண்டு பேரும் இதை எழுதக்கூடாது. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து வேறு யாராவது எழுதுங்கள்.’

முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் புகழ்ச்சிக்குப் பதிலாக எழுதினார்: ‘பகிடிவதையில் மாணவி ஒருவர் காயமடைந்தார்.’ அந்த வரி அழியாமல் நின்றது.

வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

“ஓம் பிள்ளை, அதுதான் நடந்தது,” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது.