வலைக் கழியை நம்பிப் போன பஸ்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு பிற்பகல். காய்ச்சலில் துவண்டு கிடந்த என் கைக்குழந்தையைப் பொன்னேரியில் டாக்டரிடம் காட்டிவிட்டு, சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் இருக்கும் என் புகுந்த ஊருக்கு மினி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் சந்தையில் நண்டு விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வரும் எங்கள் ஊர்ப் பெண்கள்.

எங்கள் சாலைக்குப் பெயர் என்னவோ மாநில நெடுஞ்சாலை. மழைக்காலத்தில் பழவேற்காடு ஏரி கரையேறிவிட்டால் அதுவும் ஏரிதான். எது தார், எது பள்ளம் என்று தெரியாது. அதனால் ஊர்க்காரர்கள் சாலையோரம் கழி நட்டு வைப்பார்கள். தண்ணீர் ரொம்ப ஏறினால் வீட்டுக்கு ஒருவர் போய் ஓரத்தில் வரிசையாக நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து என் மாமியார்தான் போவார், நான் அந்தப் பக்கமே போனதில்லை. முழங்கால் தண்ணீர் என்றாலே எனக்குப் பயம்.

அன்று பஸ் ஓட்டியவர் அந்த வழிக்குப் புதுசு. சாலையோரக் கழிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மழை ஓய்ந்துவிட்டதே என்று வழி காட்டவும் யாரும் நிற்கவில்லை. தூரத்தில் வேறு சில கழிகள் தெரிய, அவர் அவற்றை நம்பி வண்டியை வலது பக்கம் ஒடித்தார்.

"யோவ் டிரைவரே, எங்க போறே? நிறுத்துயா! அது ரோட்டுக் கழி இல்ல, வலை கட்ற கழி!" என்று ஒரு நண்டுக்காரம்மா அலறினார்.

டிரைவர் பிரேக் போடுவதற்குள் முன்சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டது. வண்டி அப்படியே ஏரிப் பக்கம் சாய்ந்தது. நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கத்து ஜன்னலில். ஐயோ, ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தண்ணீர்! சேறு சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க, வண்டி இன்னும் சாய்ந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது வீரிட்டு அழுதது.

எல்லோரும் முண்டியடித்து எழுந்தார்கள். வண்டி ஆடியது. "யாரும் குதிக்காதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க!" என்று அதட்டிவிட்டு நண்டுக்காரப் பெண்கள் முதலில் இடது பக்கப் படி வழியே இறங்கினார்கள். முழங்காலளவு தண்ணீரில் காலால் தாரைத் தடவித் தடவி, மேடான இடம் வரைக்கும் வரிசையாக நின்றார்கள்.

பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் என்னைப் படி வரை இழுத்து வந்துவிட்டார்கள். அதற்கு மேல் கால் நகரவில்லை. முதலில் அலறிய அந்த நண்டுக்காரம்மா கீழே நின்று கைநீட்டினார்.

"கொயந்தைய குடும்மா."

நான் தலையை ஆட்டினேன். அந்த ஓடுகிற தண்ணீருக்கு மேலே என் பிள்ளையை எப்படிக் கொடுப்பேன்?

"இன்னாத்துக்கு பயப்படுறே? என் காலு தார் மேலதான் கீது. குடு."

வண்டி மறுபடி ஆடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்துவிட்டேன். திறந்தபோது குழந்தை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கைக்குப் போய்ச் சேரும் வரை நான் மூச்சு விட்டேனா என்றே தெரியவில்லை. பிறகு அவர்களுடைய தோள்களைப் பிடித்துக்கொண்டே நானும் கரை சேர்ந்தேன். டிரைவர்தான் கடைசியாக இறங்கினார், பாவம், அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த மழைக்கு, வீட்டுக்கு ஒருவர் வரச் சொன்னபோது என் மாமியாரை உட்கார வைத்துவிட்டு நானே போனேன். பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள்.

இப்போதும் தண்ணீருக்குள் இறங்கினால் எனக்கு முழங்கால் வெடவெடக்கும். ஆனாலும் தூரத்தில் பஸ் வருவது தெரிந்தால், உள்ளே எவள் தன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்ற நினைப்பில், நடுங்குகிற அந்தக் காலைத் தார் மேலேயே அழுத்தி ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.