உப்பு ஐஸில் உறைந்த குப்பி: பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பதற்றப் பயணம்

குதிரைக்காக யாராவது கிருஷ்ணகிரிக்குப் போவார்களா என்று கேட்காதீர்கள். 2008 மே மாதம் நான் போனேன். பர்கூர் பக்கத்துப் பண்ணை ஒன்றில் செவலைக் குதிரை எட்டாம் மாதத்திலேயே கரு கலைந்து குட்டியை வீசிவிட்டது. அதே கொட்டடியில் இன்னும் ஆறு சினைக் குதிரைகள். காரணம் ஹெர்பிஸ் வைரஸா என்று தெரிந்தால் அவற்றை உடனே பிரித்து வைக்கலாம். குதிரை வைரஸைத் தேடி ஒட்டிக்கொண்டு நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும் ஆன்டிபாடி, நான் வேலை செய்த பெங்களூர் ஆய்வகத்தில் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது; செத்த குட்டியின் நுரையீரலோ கிருஷ்ணகிரி ஆய்வகத்தில் இருந்தது. அதை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் கெட்டுப்போகலாம்.

காலை 6.15க்கு மடிவாளாவில் கிளம்பினோம். ஒரு வழி சுமார் 85 கிலோமீட்டர், போக வர வாடகை 1,400 ரூபாய். ஓட்டுநர் கோவிந்தண்ணன் ஓசூர்க்காரர். என் உதட்டுக் கொப்புளத்தைப் பார்த்து, "குதிரைக்கு வந்ததுதான் உங்களுக்குமா மேடம்?" என்றார். ஒரே குடும்பம், ஆனால் இது மனிதர்களுக்கு வரும் வகை, பயந்தால் எட்டிப் பார்க்கும் என்றேன். "அப்ப இன்னிக்கு நல்லாவே பாக்கும்" என்று சிரித்தார்.

அத்திப்பள்ளி எல்லையில் லாரி வரிசையில் இரண்டு மணி நேரம் போனது. குப்பி இருந்த குளிர்ப்பெட்டியில் ஐஸ் கரைந்து, தெர்மாமீட்டர் ஒன்பது டிகிரி காட்டியது. "மூக்கண்டப்பள்ளில நம்ம கூட்டாளி குல்ஃபி போடறாங்க, ஐஸ் வாங்கியாரேன்" என்று அண்ணன் ஓசூரில் காரை நிறுத்திப் பெட்டியோடு போனார். நான் கிருஷ்ணகிரி ஆய்வகத்துக்கு போனில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடவே போயிருக்க வேண்டும்.

10.30க்கு சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது பெட்டியைத் திறந்தேன். மைனஸ் ஐந்து.

"அண்ணா, ஐஸ்ல என்ன போட்டீங்க?"

"உப்புங்க மேடம். நானும் எட்டு வருசம் குல்ஃபி வித்தவன். உப்பு போடலைன்னா ஐஸ் நிக்காதுங்களே."

உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். குப்பியின் ஓரத்தில் ஊசி ஊசியாக வெள்ளை. யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் பக்கத்துக் கடைக்குப் போய், ஃபிரிட்ஜில் இருந்த பால் பாக்கெட் நான்கை வாங்கிவந்தார். ஐஸைக் கொட்டிவிட்டு அவற்றுக்கு நடுவே குப்பியை வைத்தேன். கிருஷ்ணகிரி வரை ஐந்து டிகிரி அசையவில்லை.

ஆய்வக வாசலில், குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜ் விடியற்காலையிலிருந்தே காத்திருந்தார். முதலில் வைரஸ் இருப்பது உறுதியான ஸ்லைடில் சோதித்தேன். அது ஒளிராவிட்டால் குப்பி செத்துவிட்டது என்று அர்த்தம். ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ள அரை மணி நேரம் விட்டேன். இருட்டறையில் பார்த்தேன்: மங்கலாக, ஆனால் பச்சை. அடுத்து குட்டியின் நுரையீரல். அதுவும் பச்சை.

குப்பி பிழைத்துவிட்டது என்ற ஒரே நினைப்பில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். முனிராஜும் சிரித்தார்.

"அப்ப ஒண்ணும் இல்லைங்களா?"

இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. "மத்த ஆறையும் அதே பிரஷ்லதானுங்க தேச்சேன்" என்றார். உடனே பிரிக்க வேண்டும் என்றதும் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடப் பார்த்தார். கோவிந்தண்ணன் கார் கதவைத் திறந்து, "ஏறுங்க, பர்கூர்ல விடறேன்" என்றார். நான் பஸ்ஸில் திரும்பினேன். கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

இதுபோல் குளிர்ப்பெட்டியோடு போகிறவர்கள் எல்லையை ஆறு மணிக்கு முன்பே தாண்டிவிடுங்கள். பெட்டியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஐஸ் கிடைக்காவிட்டால் பால் பாக்கெட் போதும். முடிவு தெரிந்ததும், வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு கதவைத் திறங்கள்.