ஆறு அறைக்கு ஆள் வேண்டும்

கதவு நிலையில் காதை வைத்து, விரல் கணுவால் தட்டி, கரையான் அரிக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள் செபாஸ்தியம்மாள். ஒரு கதவு ஆனதும் அடுத்த கதவு. மேட்டுப்பட்டியில் இருக்கும் அவளுடைய தனி வீட்டுக்கு அறை மட்டும் ஆறு. புருஷன் கை ஓங்கியிருந்த காலத்தில் கட்டியது. அவர் போன பிறகு, இவள் கொல்லைப்புறத்து ஓட்டுச் சாய்ப்பில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுகிறாள். அதாவது, விடப் பார்க்கிறாள். வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியதில் வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

திண்டுக்கல்லில் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, சின்னக் குடும்பமா என்பதுதான். பிள்ளைகள் இருந்தால் சுவர் பாழாகும், கிணறு காலியாகும் என்று பயம். தரகர் கருப்பணனும் அந்தக் கணக்கில்தான் ஆள் பிடித்து வருவார்.

"ரெண்டே உருப்படிதான்க்கா. இருக்கிற எடம் தெரியாது."

செபாஸ்தியம்மாள் வந்தவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். "பாப்போம்யா, சொல்லி அனுப்புறேன்" என்பாள். அதோடு சரி.

அவள் நியாயம் வேறு. ஆள் புழங்காத அறையில் கரையான் குடியேறிவிடும் என்பது அவள் நம்பிக்கை. "ரெண்டு பேரு ஒரு மூலைல கெடப்பாக. மிச்ச வீட்ட யாரு மிதிப்பா?" என்று தனக்குத்தானே முனகிக்கொள்வாளே தவிர, வெளியே மூச்சு விடமாட்டாள். விட்டால், நாலு குடித்தனம் கூட்டுச் சேர்ந்து ஒரே குடும்பம் என்று வந்து நிற்குமாம். பொல்லாத சூட்சுமக்காரி!

தம்பி சவரிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. குறுக்கே சுவர் வைத்து நாலு பாகமாக விட்டுவிடுவோம் என்று தாலுகா ஆபீசில் அலைந்து சிமெண்டுப் பர்மிட்டும் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

"ஒரே கிணத்துல நாலு வாளி விழுந்தா தண்ணியா வரும்? சண்டைதான்டா வரும்" என்று சத்தம் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள். புருஷன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைக் கூறு போடுவதைக் காண அவளுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை, பேகம்பூரிலிருந்து ஜெகபர் அலியையும் அவர் மனைவி தாஹிராவையும் கருப்பணன் கூட்டி வந்தார். தாஹிராவின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"மூணே பேருதாம்மா" என்றார் ஜெகபர் அலி, தரகர் சொல்லிக்கொடுத்தபடி.

செபாஸ்தியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "பாப்போம்..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது வாசலில் நின்ற குதிரை வண்டிக்குள் யாரோ யாரையோ கிள்ளியிருக்க வேண்டும். வீறிட்டு ஒரு அழுகை. படுதாவை விலக்கிக்கொண்டு ஒரு பையன் குதித்தான். அவனைத் துரத்திக்கொண்டு ஒரு பெண். பின்னாலேயே பொலபொலவென்று இன்னும் நாலைந்து. கடைசியாக ஜெகபர் அலியின் தாயார் வெற்றிலைப் பெட்டியோடு இறங்கினார்.

"ஏலே, எம்புட்டு நேரந்தான் இதுக வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

கருப்பணன் தலையில் கை வைத்துக்கொண்டார். தாஹிராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோவிச்சுக்காதீகம்மா. புள்ளைக இருக்குன்னா எங்கயும் வீடு தரமாட்டேங்கிறாக. அதான் மறைச்சிட்டோம். நாங்க வாரோம்."

"நில்லு தாயி, எங்க போற? இம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா?"

"மூத்தவ... அவ மாமி வீட்ல இருக்கா" என்றாள் தாஹிரா, பயந்துகொண்டே.

செபாஸ்தியம்மாள் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பொறுக்கமாட்டாமல், பல்லால் கடித்து இழுத்தாள்.