இனிப்பை விட்ட பூச்சி

என் அக்கா புருஷனுக்கு முப்பது வருடமாக ஒரே வேலைதான்: வீடு வீடாகப் போய்க் கரப்பான்பூச்சிக்கு மருந்து வைப்பது. எல்லாருக்கும் அவர் ‘மருந்துக்காரர்’, எனக்கு அத்தான். பூச்சி எந்தச் சந்தில் குடித்தனம் நடத்துகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவ்வளவு கெட்டிக்காரர், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் படுமுட்டாள். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போய், வலது காலின் இரண்டாம் விரலில் ஆறாத புண். “ஒரு மாசம் டைம். சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுத்துடணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா சர்க்கரை டப்பாவை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள். தலையணை உறைக்குள், தையல் மிஷின் இழுப்பறையில், பழைய ஹெல்மெட்டுக்குள். பூச்சியையே தேடிப் பிடிப்பவருக்கு டப்பா எம்மாத்திரம்? சரி, வீட்டில் சர்க்கரையே வேண்டாமென்றால் அக்காவுக்கு டீ தொண்டையில் இறங்காது. எனக்கும் இறங்காது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒருநாள் மத்தியானம், நல்ல மழை. அத்தானைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணம், சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வீடு முழுக்கத் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கிப்போயிருந்தது. சுவரும் ஜன்னலும் மெல்ல அசைவதாகத் தோன்றியது. அத்தான் பூச்சிமருந்து வைத்திருக்கும் அறையிலிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்தது. கனவு இன்னும் முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

உள்ளே அத்தான், டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி, தரையில் குப்புறப் படுத்திருந்தார். அந்த நிற வெளிச்சம் பூச்சியின் கண்ணுக்குத் தெரியாதாம். எதிரே இரண்டு ரொட்டித் துணுக்குகள். பக்கத்தில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு மருந்து பாட்டில்கள், இரண்டிலும் வெள்ளைப் பொடி.

“சத்தம் போடாதே மாப்ளே,” என்று கிசுகிசுத்தார். “போன வாரம் ஒரு பாட்டிலைக் காலி பண்ணி வச்சேன். இன்னைக்குப் பார்த்தா ரெண்டும் நிறைஞ்சிருக்கு. உங்க அக்கா சர்க்கரையை மிக்ஸியில அரைச்சு ஒண்ணுல ரொப்பியிருக்கா. எதுல சர்க்கரை, எதுல விஷம்? அதான் ரெண்டையும் ரொட்டியில தடவி வச்சிருக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒளித்தவளின் மூளையைச் சொல்வதா, தேடுகிறவரின் மூளையைச் சொல்வதா?

அவர் தூக்கத்தில் பேசுகிறவர்போல மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். “முன்னெல்லாம் மருந்தை இனிப்புல கலந்து வைப்போம். கூட்டங்கூட்டமா வந்து தின்னும். இப்ப இந்த ஏரியாப் பூச்சி இனிப்பைத் தொடாது. தின்னதெல்லாம் செத்துப்போச்சு. பிடிக்காம ஒதுங்கினதோட வம்சம் மட்டும் நின்னுடுச்சு. மனுஷன் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே வந்தது மாப்ளே இது. நாம போன பிறகும் இருக்கும்போல.”

அலமாரிக்கடியிலிருந்து பூச்சி ஒன்று வந்தது. முதல் துணுக்கை மீசையால் தொட்டது, சட்டென்று பின்வாங்கியது. இரண்டாவதைத் தின்னத் தொடங்கியது.

“முதல் பாட்டில்தான் சர்க்கரை!” சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே எழுந்து, மூடியைத் திறந்து ஸ்பூனை விட்டார்.

“அத்தான், வேண்டாம். விரலை நினைச்சுப் பாருங்க.”

வாய்க்குப் பக்கத்தில் போன ஸ்பூன் நின்றது. அவர் தரையைப் பார்த்தார். பூச்சி நிதானமாக விஷத்தைத் தின்றுகொண்டிருந்தது.

“அதுக்குத் தெரியாது மாப்ளே,” என்றார். “எனக்குத் தெரியுமே.”

பொடியைப் பாட்டிலிலேயே கொட்டி, இறுக்கி மூடி, என் கையில் திணித்தார். “எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிடு.” அவர் அழுது அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வாசலில் அக்கா குடையை மடக்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த விரல் போய்விட்டது. மற்ற நான்கும் இன்றுவரை இருக்கின்றன. அந்த வீட்டில் இப்போது யார் டீயிலும் சர்க்கரை கிடையாது. முதல் வாய்க்கே என் முகம் கோணும்.

அத்தான் அதைப் பார்த்துச் சிரிப்பார். “பரவாயில்லையே மாப்ளே, இனிப்பை விடுறதுல கிட்டத்தட்டப் பூச்சி அளவுக்கு வந்துட்டோம்.”