அடுப்பு மூட்டாதே என்ற குரல்

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாத மாரிமழைக் காலத்தில்தான் எனக்கு அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. போட் கிடைத்தது, வலையும் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் பெட்டியும் இல்லை, அடக்கமும் இல்லை. சபையார் வந்து, "அழாதேங்கோ சிஸ்டர், விசுவாசத்தோட இருங்கோ, கர்த்தர் கொண்டுவந்து சேர்ப்பார்" என்றார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அழாமல் இருந்தேன்.

ஒரு நாள் குசினியில் தேங்காய் துருவும்போது, பக்கத்தில் ஆள் நின்று சொல்வதுபோலத் தெளிவாகக் கேட்டது. "அடுப்பு மூட்டாதை." திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அடுத்த நாளும் கேட்டது. பிறகு நாள் முழுக்கக் கேட்டது. சமைக்கிறதையே விட்டேன்.

இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இப்பவும் தெரியாது. ஞாயிறு ஆராதனையில் எழும்பி நின்று, "என்னோட ஒரு குரல் கதைக்குது, சாப்பிட விடுகுதில்லை" என்றேன். சபை முழுக்க "ஸ்தோத்திரம்!" என்றது. நம் பேச்சே அப்படித்தானே? மனதில் ஒரு எண்ணம் வந்தாலே "கர்த்தர் என்னோடு பேசினார்" என்கிறோம். நான் காதால் கேட்டதைச் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. என் பட்டினியை உபவாசம் என்று மெச்சினார்கள். ஐயோ, நான் எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்தேன்!

பிறகு ரோட்டில் நின்று நான் குரலோடு சண்டை போட்டதைக் கண்டதும் கர்த்தர் என்றவர்களே பிசாசு என்றார்கள். தலையில் கை வைத்துக் கத்தினார்கள். குரல் போகவில்லை, வந்தவர்கள்தான் போனார்கள். துறைமுகத்தடியில் மயங்கி விழுந்த என்னை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மருந்து தந்தார்கள். நித்திரை வந்தது, பயம் குறைந்தது. அதற்கும் ஆண்டவருக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் குரல் மெல்லக் கேட்டது. கிளினிக் டொக்டர், "மருந்தை விட்டுடாதேங்கோ. அந்தக் குரலைப் பற்றி நம்பிக்கையான ஒராளோட கதைச்சும் பாருங்கோ" என்றார். யாரோடு கதைப்பது? என் படலையைத் திறக்க ஆளில்லை. எதிர் வீட்டுக்காரி என்னைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவாள். கப்பல் ஊதுகிற சத்தம்தான் எனக்குத் துணை. முழங்காலில் நின்று கேட்டேன். "ஆண்டவரே, குரலை எடுக்காட்டியும் பரவாயில்லை. ஒராளை அனுப்பும்."

அந்தக் கிழமையே குச்சவெளி பஸ்ஸில் என் மச்சாள் வந்தார். வீட்டுக்காரரின் அக்கா. நாங்கள் சபைக்குப் போகத் தொடங்கிய கோபத்தில் எங்கள் வாசலை மிதிக்காதவர். என் குரல் கதை அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. கதிரையில் இருந்ததும் கேட்டார், "அது ஆரின்ரை குரல் எண்டு எனக்குத் தேவையில்லை. என்னடி சொல்லுது?"

அதுவரை சபையில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"அடுப்பு மூட்டவேண்டாமாம், மச்சாள்."

அவருடைய முகம் மாறிப்போனது. "செத்தவீட்டிலதானே பிரேதம் எடுக்குமட்டும் அடுப்பு மூட்டுறதில்லை" என்றார். "என்ரை தம்பியை நாங்கள் இன்னும் எடுக்கேல்லையடி. ஒருத்தரும் அழேல்லை."

எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. கட்டிப்பிடித்து அழுதோம். மச்சாள் ஒப்பாரி வைத்தார், நான் ஜெபம் பண்ணினேன், பிறகு நானும் ஒப்பாரி வைத்தேன். அடுத்த நாள் பாஸ்டரைக் கூப்பிட்டு அடக்க ஜெபம் செய்வித்தோம். பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் அவர் இடுப்பில் உடுத்துகிற சாரத்தை மடித்து வைத்தோம். மச்சாள் முன்னுக்கு இருந்தார். பின்னேரம் அவரே அடுப்பை மூட்டிச் சோறாக்கித் தந்தார். சாப்பிட்டேன்.

குரல் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் சிலவேளை வரும். "ஓம், எனக்கும் கவலைதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். மருந்தும் போடுகிறேன். எல்லாருடைய வருத்தமும் என்னுடையதைப் போல என்றும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், கோபக்கார மச்சாளையே அனுப்பிக் கேட்டார்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது அப்படித் தனியாக இருந்தால், வெட்கப்படாமல் ஆண்டவரிடம் ஒராளைக் கேளுங்கள். அவர் தருவார். அந்த ஆள் வரச் சுணங்கினால் என்னிடம் வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.