தங்கச்சிமடத்தில் உருகிய கோசலைட்

1. போன மாதம் தங்கச்சிமடத்து மீனவர் அந்தோணி, ராமநாதபுரத்தில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வெள்ளியா என்று கேட்டார். உடன் வந்த மனைவி ஜெசிந்தா ஆறு மாதக் கர்ப்பிணி.
2. அது கோசலைட். ஈயம், பிஸ்மத், கந்தகம் மூன்றும் சேர்ந்த அரிய கனிமம்.
3. நேற்று போனில், வெள்ளி இல்லை, ஈயம்தான் நிறைய இருக்கிறது என்றேன். அத்தோடு நிறுத்தியது என் தவறு.
4. இன்று காலை செய்தி அனுப்பியிருந்தார்: ஈயம் என்றால் மிச்சக் கல்லை உருக்கி, வலை அமிழக் கட்டும் வலைக்குண்டு ஊற்றப்போகிறார்களாம். ஊற்றுவது ஜெசிந்தாவின் வேலை. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

காலை 7.10. ராமேஸ்வரம் பேருந்து, டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மண்டபத்தில் வண்டி நின்றுகொண்டே இருந்தது. நடத்துநரிடம் அவசரம் என்றேன். "நீந்திப் போனா வெரசாப் போவலாம் தங்கச்சி," என்றார்.

கோசலைட் ஈயச் சாம்பல் நிறம். ஊசி ஊசியாக வளரும். கையில் எடுத்தால் கனக்கும். பழம்பாறை வெடிப்புகளில் சுடுநீர் ஏறிய இடத்தில் உண்டாவது. மணலும் பவளப்பாறையுமான இந்தக் கரையில் அதற்கு வேலையில்லை. சூடாக்கினால் கந்தகம் எரியும், ஈயப் புகை கிளம்பும். கடல் பாலத்தைக் கடக்கும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

8.40. தங்கச்சிமடத்தில் இறங்கி ஆட்டோ, அறுபது ரூபாய். தெருமுனையிலேயே தீக்குச்சி கருகிய நெடி. அவர்கள் வீட்டுக் கொல்லையில் சிரட்டை நெருப்பு, மேலே இரும்புச் சட்டி. ஜெசிந்தா குனிந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். ஒங்க கல்லு எளகுது, ஈயம் மாதிரி ஓட மாட்டேங்குது," என்றார் அந்தோணி.

ஜெசிந்தாவை விலகச் சொன்னேன். சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து ஈயம் காச்சுறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"உங்களுக்கு இல்லக்கா. வயித்துல இருக்கிறதுக்கு."

விசிறியைக் கீழே வைத்தார். அந்தோணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். தெறிக்கும் என்று தடுத்தேன். நெருப்பின் மேல் மணலை அள்ளிப் போட்டார்.

கல் கிடைத்தது படகுத்துறையில். அலைதடுப்புக்கு வெளியூர்க் குவாரியிலிருந்து லாரியில் வந்த பாறை ஒன்றில் வெள்ளைக் கோடு ஓடுகிறதாம், அதிலிருந்து பெயர்த்திருக்கிறார். பதினோரு மணிக்குக் கடல்நீர் வற்றும், காட்டுகிறேன் என்றார். பதினோரு மணிக்கு நாங்கள் மூவரும் மருத்துவமனை வரிசையில் நின்றோம்.

"முந்திக் காச்சுனதும் ரத்தத்துல தெரியுமா?" என்று ஜெசிந்தா கேட்டார். கொஞ்சம் தெரியலாம் என்றேன்.

பாறையை நான் இன்னும் பார்க்கவில்லை. எந்தக் குவாரி என்றும் தெரியாது. ஜெசிந்தாவின் ரத்தம் வெளியூர்ச் சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வர ஒரு வாரம் ஆகும்.